கேரியரில் கட்டிய கூடாரம்

எங்கள் ஊரில் குடும்பத்தோடு வெளியூர் கிளம்புகிறவர்கள் டிக்கியை அடுக்குவது தங்களுக்காக அல்ல, செக்போஸ்ட் போலீஸுக்காக. காரைக்காலில் மது விலை குறைவு. எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும், அங்கே பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதனால் கனமான சாமான்களைக் கீழே வைத்து, பைகளை ஜிப் வெளியே தெரியும்படி கதவோரம் வைப்பேன். குடிக்காத வீட்டுக்கும் இதே அடுக்குதான். எங்கள் வீடு குடிக்காத வீடு அல்ல.

என் கணவர் தீபாவளியோடு குடியை விட்டிருந்தார். சாயங்காலமானால் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது என்று ஒரு கூடாரம் வாங்கி, மொட்டைமாடியில் விரிப்பதும் சுருட்டுவதுமாக இருந்தார். எதிர்வீட்டில் விசாரித்தால் சிரித்து மழுப்புவேன். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு கொல்லிமலை என்று முடிவானது.

ஸ்டவ், அரிசி, தண்ணீர்க் கேன், பாய் எல்லாம் என் பொறுப்பு. ஆடாமல் இருக்க இடுக்குகளில் போர்வைகளைத் திணித்தேன். கூடாரத்தையும் படுக்கைப் பைகளையும் மட்டும் அவர் யாரையும் தொடவிடவில்லை. தார்ப்பாயில் சுற்றி, காரைக்கால்மேட்டில் படகுக்கு வாங்குகிற நைலான் கயிற்றால் மேலே கேரியரில் வரிந்து கட்டினார். முடிச்சுக்கு மேல் முடிச்சு.

"காத்துல பறந்துடும்" என்றார்.

திருநள்ளாறு தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது மேலே கிணுங்கென்று சத்தம். அடுத்த வேகத்தடையிலும் கேட்டது. அவர் பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார். தீபாவளியிலிருந்து நான் நேர்ந்துகொண்டதெல்லாம் வீணாய்ப் போயிற்று என்றே நினைத்தேன்.

எல்லையில் போலீஸ்காரர் டிக்கியைத் திறந்த வேகத்தில் மூடிவிட்டார். என் அடுக்குக்கு அப்படியொரு மரியாதை. பிறகு மேலே பார்த்தார்.

"அதைக் கொஞ்சம் அவுருங்க சார்."

"டென்ட்டுதாங்க. கட்டவே ரொம்ப நேரமாச்சு" என்றார் என் கணவர்.

"பரவால்ல, அவுருங்க."

நல்ல வெயில். என் கணவர் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, எல்லாவற்றையும் தரையில் இறக்கினார். பிள்ளைகள் வண்டிக்குள்ளேயே இருந்தார்கள். நானும் இருந்திருக்கலாம். இறங்கிப் போய்ப் போலீஸ்காரருக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் ஒரு படுக்கைப் பையை உதறினார். நான் அதன் வாயைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். அடுத்த பையை அவருக்கு முன்பே நான் கவிழ்த்தேன். கூடாரம் அடிக்கிற இரும்பு ஆணிகள் விழுந்தன. சுற்றியிருந்த துண்டு நழுவியிருந்தது. கிணுங்கிக்கொண்டு வந்தது அதுதான்.

"சரி, கட்டிக்கிட்டுக் கிளம்புங்க" என்று போலீஸ்காரர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அது முகத்திலும் தெரிந்திருக்க வேண்டும். என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம்கூட இல்லை. கூடாரப் பை மட்டும் இன்னும் பிரிக்காமல் கிடந்தது. அதைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

"இதையும் பாத்துடு. அப்பறம் கட்டிக்கிறேன்."