சித்தப்பாவின் முழங்கையும் ஜோர்தான் வெயிலும்

சித்தப்பா காலையில் பல் துலக்குவதற்கு முன்பே குசினியில் அடுப்புக்குப் பக்கத்து யன்னலைத் திறப்பார். இடது கைச் சட்டையை முழங்கை வெளியே தெரியும்வரை மடிப்பார். பிறகு, குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் வெந்நீரின் சூடு பார்ப்பதுபோல, முழங்கையை மட்டும் ஜேர்மனியின் ஹனோவர் நகரத்துக் காற்றுக்குள் நீட்டிக் கண்ணை மூடுவார். பிறகு, "நாலு" என்பார். சந்தியிலுள்ள மருந்துக்கடையின் பச்சை விளக்குப் பலகை வெப்பநிலை ஏழு பாகை என்று காட்டினால், "மருந்துக்கடைக்குக் காய்ச்சல்" என்று சொல்லி யன்னலைச் சாத்துவார்.

அவர் பெயர் சோதிலிங்கம். என் அப்பாவின் தம்பி. டிராம் பணிமனையில் சக்கரம் கழற்றிப் பூட்டுகிற வேலை. படிக்க வந்த என்னைத் தன் வீட்டின் பின்னறையில் இருத்தியிருக்கிறார். நான் கவிதைப் புத்தகத்தோடு மேசையோரம் இருந்தால், "பாவம், வரி முடியமுதல் மற்ற வரிக்குப் போறாங்கள்" என்று எட்டிப் பார்த்து இரங்குவார்.

இந்த வீட்டில் பொங்கல் மின்னடுப்பில்தான் பொங்கும். படைப்பது பல்கனியில். தை மாதத்து ஹனோவரில் சூரியன் இருப்பதற்கு அடையாளமே இருக்காது. சித்தப்பா கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து, "அந்தப் புகைக்கூண்டுக்குப் பின்னாலதான் நிக்கிறார். கும்பிடும்" என்பார்.

போன வருடம் சித்தி, சிவமலர், கும்பிட்ட கையை இறக்கினார்.

"முகிலைக் கும்பிட்டுக் கும்பிட்டு எனக்கு அலுத்துப்போச்சு. ஒருக்காலாவது சூரியனைக் கண்ணால பாத்துப் பொங்கவேணும். ஜக்கெட் இல்லாமல், பட்டுச்சேலை தெரியப் பொங்கவேணும்."

"அதுக்கென்ன, செய்வம்."

"ஏலாட்டிச் சொல்லுங்கோ. கனடாவில, ரொறன்ரோவில அக்கா ஒவ்வொரு வருசமும் கூப்பிடுறா. எனக்கு ஒருக்காக் குளிர்ந்தாலும், இனிப் பொங்கல் எல்லாம் அக்கா வீட்டிலதான்."

சித்தப்பாவின் முகம் வெளிறியது. சித்தியின் அக்கா கனகவல்லியின் வீட்டில் பனி வழிக்கும் வேலை விருந்தாளிக்கு உரியது. அது பரவாயில்லை. மூன்று மகள்மாரின் கலியாண வீடியோக்களை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு முழுதாகப் போடுவார். இடையில் எழுந்து போகிறவரைக் கூப்பிட்டு, விட்ட இடத்திலிருந்து திரும்பப் போடுவார்.

அன்றே சித்தப்பா ஜோர்தானின் வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவிட்டார். அது பாலைவன நாடு, மலிவாகப் போகலாம் என்று பணிமனையில் யாரோ சொன்னார்களாம். ஆனால் நாடு முழுவதும் ஒரே வெயில் என்று நம்புகிற ஆள் அல்ல அவர். அம்மான் நகரத்தின்மேல் தயிர்ப் பேணியை வைத்தார்.

"இது மலை. குளிர், மழை. இறங்கின உடனே ஓடிவிடவேணும்."

சாக்கடலின்மேல் உப்புப் போத்தல். "உலகத்திலேயே பள்ளம். சூடு அங்கதான் தேங்கி நிக்கும்."

தெற்கே அக்கபா கடற்கரையில் மிளகாய்த்தூள் வந்தது. பழைய கல்நகரமான பெற்றாவின்மேல் பாதித் தயிரும் பாதி மிளகாயும் வைக்க வழியில்லாமல் ஊறுகாயை வைத்து, "மத்தியானம் மட்டும்" என்றார்.

"பள்ளத்தைப் பிடிச்சுக்கொண்டு போனால் குளிர் எங்களைப் பிடியாது" என்றார் என்னிடம்.

"பொங்கல் எங்க?" என்றார் சித்தி குசினியிலிருந்து.

சித்தப்பா மிளகாய்த்தூளைத் தூக்கி வாடி ரம் பாலைவனத்தின் நடுவில் வைத்தார். "இஞ்ச. மரமில்லை, முகிலில்லை, பக்கத்து வீடில்லை. கூடாரத்தில படுத்து எழும்பினால் சூரியன் முன்னால நிப்பார்."

நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூரியன் வருவதற்குச் சற்று முந்திய நேரம்தான் பாலைவனத்தில் மிகக் குளிரான நேரம் என்று எங்கோ வாசித்த ஞாபகம். வாயைத் திறப்பதற்குள் மிளகாய்த்தூளைச் சித்தி சமைக்க எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புறப்படுகிற அன்று விமான நிலைய வாசலில் சித்தப்பா தன் ஜக்கெட்டைக் கழற்றி என் கையில் போட்டார். "பாலைவனத்துக்கு இதைச் சுமக்கிறதோ?" சித்தியும் மறுபேச்சின்றித் தன்னுடையதைத் தந்தார். அவர்கள் பொங்கல் பானையோடு உள்ளே போனார்கள். இரண்டு ஜக்கெட்டுகளையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு நான் ரயிலில் வந்தேன். எதிர் இருக்கையிலிருந்த யாரோ ஒரு அம்மா எனக்காக வருத்தப்பட்டவர்போல இருந்தார்.

பொங்கலன்று காலைச் சாப்பாட்டின்போது வீடியோ வந்தது. கூடாரக்காரர் பிடித்தது. செம்மண் மலைகள், நீலமாக விடியும் வானம், மூன்று கல்லில் பானை. பானைக்குப் பக்கத்தில் ஒட்டக ரோமக் கம்பளிக்குள் ஒரு மூட்டை. மூட்டையின் உச்சியில் குளியல் துவாய்த் துண்டு சுற்றியிருந்தது. மூட்டை பேசியபோதுதான் அது சித்தப்பா என்று தெரிந்தது.

"ம-மலர், குளிருதோ?"

"இல்லையே" என்றார் சித்தி.

அவர் அரக்குப் பட்டுச்சேலையில், தேர்த்திருவிழாவுக்கு வந்தவர்போல நிமிர்ந்து நின்றார். ஜக்கெட் இல்லை. கம்பளி இல்லை. நடுக்கமும் இல்லை.

கம்பளிக்குள்ளிருந்து ஒரு முழங்கை மெல்ல வெளியே வந்தது. கண் மூடியது. உதடு அசைந்தது. சத்தம் கேட்கவில்லை, ஆனால் "நாலு" சொல்லும் வாயை எனக்குத் தெரியும்.

பால் பொங்கிச் சரிந்தது. கூடாரக்காரர் கைதட்டியதில் படம் ஆடியது. ஆடி நின்றபோது மலை விளிம்பில் சூரியன், முழுதாக. சித்தி கைகூப்பினார். இந்த முறை யாரும் திசை காட்டவில்லை.

திரும்பி வந்த சித்தப்பா மூக்கொழுக ஒரு கிழமை படுத்திருந்தார். ஆனால் வென்ற ஆள். ரொறன்ரோவுக்குத் தானே தொலைபேசி எடுத்து, "மச்சாள், இவவுக்கு அங்க குளிரவே இல்லை. இனி எங்களுக்கு ஜோர்தான்தான்" என்று தும்மினார்.

உடுப்புத் தோய்க்க நிலவறைக்குக் கூடையைக் கொண்டுபோனது நான். மெசினுக்குள் போடும்போது செம்மண் கொட்டியது. சித்தப்பாவின், கணுக்கால்வரை வரும் தடித்த கம்பளி உட்காற்சட்டைகள், பணிமனையில் கொடுத்தவை, இரண்டு. சித்தியின் பாவாடைக்குள், ஒன்றுக்குள் ஒன்றாக, அப்படியே கழற்றியபடி இருந்தன. தேவையில்லை என்று அவர் அலுமாரியில் விட்டுப்போனவை.

பின்னால் வந்த சித்தி அவற்றை வாங்கி உள்ளே திணித்து மூடியைச் சாத்தினார்.

"தாரகன், சித்தப்பாவுக்குச் சொல்லிப்போடாதை. அக்கான்ர கலியாண வீடியோவை எனக்கும் இன்னொருக்காப் பாக்க ஏலாது."