காப்பிப்பொடி நிறச் சேலை

குவைத்துக்கு வந்து ஏழு மாதமாகிறது. இங்கே ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது நோயாளியை அல்ல, கீழ்த்தளத்தில் இருக்கிற சலவைக்கூடத்து ஜன்னலை. அட்டையை நீட்டினால் ஓர் எகிப்துக்காரர் மடித்த உடுப்பை எடுத்துப் போடுவார். டியூட்டி முடிந்ததும் அழுக்கை அங்கேயே போட்டுவிட்டுச் சொந்த உடுப்போடு கிளம்ப வேண்டும். சேலத்தில் என் வெள்ளைச் சேலைக்கு நானே நீலம் போட்டு, கஞ்சி போட்டு, பெட்டி தேய்த்து இடுப்பு ஒடிந்தவள் நான். அதனால் ஏற்பாட்டில் எனக்குக் குறையில்லை. வயிற்றெரிச்சல் எல்லாம் நிறத்தில்தான். இங்கே நர்சுகளுக்கு வெள்ளை, உதவியாட்களுக்குச் சாம்பல் நீலம். என் சான்றிதழில் ஏதோ ஒரு முத்திரை பாக்கியாம். அது வருகிறவரைக்கும், பதினோரு வருசம் பிரசவம் பார்த்த எனக்குச் சாம்பல் நீலம்தான் என்றார்கள்.

மேட்ரன் ஓர் அயர்லாந்துக்காரி. எனக்குத் தெரிந்த இங்கிலீசில், இந்தச் சட்டை எனக்கானது இல்லை என்று சொன்னேன். என் தோளை ஒரு பார்வை பார்த்துத் தலையாட்டினாள். மறுநாள் ஒரு சுற்றுப் பெரிய சட்டை வந்தது. மறுபடி போய் நின்றேன், அதற்கு மறுநாள் சின்னது வந்தது. தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டேன். வார்டில் நேற்றுப் படிப்பு முடித்த வெள்ளைச்சட்டைப் பெண் ஊசி குத்த நரம்பு தேடித் தடவுவாள், நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நோயாளியின் மாமியார் என்னைக் கூப்பிட விரலைச் சொடுக்குவாள். என்னை அக்கா என்று கூப்பிட இங்கே ஒருத்திதான் உண்டு, என்னைப்போல நீலம் போட்ட இலங்கைக்காரி மாலினி. இரண்டு பேரும் ஒரே பிளாஸ்கில் டீ குடிப்போம். ஊருக்கு இதை எழுதினால் அய்யோ பாவம் என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், மீதியையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எழுபத்தெட்டு வாக்கில் சேலத்தில் ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரியில் நான்தான் மூத்த நர்ஸ். அங்கே ஆயாவாக இருந்தவர் பாவாயக்கா, மல்லசமுத்திரம் பக்கத்து விவசாயக் குடும்பம். அவருக்கு இருபத்தாறு வயதானபோது புருசன் செத்துப்போய்விட்டார். அன்றைக்கு ஊர் கட்டிவிட்ட வெள்ளைச் சேலைதான் அவருக்கு வீட்டிலும் வேலையிலும். வலியெடுத்தவளின் முகத்தைப் பார்த்தே நேரம் சொல்லிவிடுவார், நான் கையுறை போடுவதற்குள் வெந்நீர் வந்திருக்கும். ஒரு நாள் ஓமலூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் வெள்ளைச் சேலைதான், வயசில் பெரியவர் அவர். பாவாயக்கா உள்ளே வந்ததும் எழுந்து கும்பிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, சிஸ்டர் உட்காருங்க என்றார்கள். பிறகு என்னைப் பார்த்து, ஏனம்மா, அந்த பெட்பேனக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க என்றார்கள். பாவாயக்கா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த மாதமே டாக்டரம்மா ஆளுக்கொரு யூனிபார்ம் வேண்டுமென்று என்னைத் துணிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சிஸ்டர்களுக்கு வெள்ளை, வாட்ச்மேனுக்குக் காக்கி என்று அஞ்சு நிமிசத்தில் முடிந்தது. ஆயாக்களுக்கு டாக்டரம்மா பச்சைக்கரை போட்ட வெள்ளையைத்தான் எடுத்துக் காட்டினார். நான்தான் அதைத் தள்ளிவிட்டுக் காப்பிப்பொடி நிறத்தில் கை வைத்தேன். இதுல கறை தெரியாதுங்க மேடம் என்றேன். பிரசவ வார்டில் கறை கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும் என்று படித்தவள் நான். தெரிந்தே சொன்னேன்.

அதற்கப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். ஆட்டையாம்பட்டியில் என் மாமியார், குத்துக்கல்லாட்டம் புருசன் இருக்கறப்ப வெள்ளையக் கட்டிக்கிட்டு ஊட்டுக்குள்ள வராதே என்று கறாராகச் சொல்லிவிட்டவர். அதனால் தினமும் சாயங்காலம் சாமான் அறையில் நான் வெள்ளையை அவிழ்த்துக் கலர் கட்டுவேன். அதே அறையில் பாவாயக்கா கலரை அவிழ்த்து வெள்ளை கட்டுவார். இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்போம். ஒரு நாள் அவருடைய கொழுந்தன் தன் பெண்டாட்டியைப் பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். வார்டு வாசலில் காப்பிப்பொடி நிறத்தில் அண்ணியைப் பார்த்தான். தாலியறுத்தவளுக்குக் கலர் கேக்குதா என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டான். டாக்டரம்மாவிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பச்சைக்கரை வந்திருக்கும்.

மறுநாள் பாவாயக்கா சேலையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

"சாமி, ஊரு எனக்குன்னு குடுத்தது இந்த வெள்ளை ஒண்ணுதானுங்க. அது உங்களுக்கு எடஞ்சலாப் போச்சுங்களா?"

நான் பேனாவைத் திறந்து மூடினேன். அவர் வேலையை விட்டே போய்விட்டார். அப்புறம் கடலைக்காட்டில் களை வெட்டப் போகிறார் என்று யாரோ சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

முத்திரை போன வாரம் வந்துவிட்டது. ஜன்னலில் எகிப்துக்காரர் வெள்ளையை எடுத்துப் போட்டு ஏதோ வாழ்த்துகூடச் சொன்னார். போட்டுக்கொண்டு மேலே போனேன். மாலினி ஸ்டூலில் உட்கார்ந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, குட்மார்னிங் மேடம் என்றாள். உட்காரு, நான் அதே அக்காதான் என்று சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. மாமியார் இல்லாத ஊர் இது, ஆஸ்பத்திரி முழுக்க வெள்ளையோடு நடக்கலாம், யாரும் புருசனைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். ஆனாலும் சாயங்காலம் உடுப்பு மாற்றுகிற அறையில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுதான் அவிழ்க்கிறேன். முதுகுக்குப் பின்னால் யாரோ காப்பிப்பொடி நிறத்தை மடிக்கிற சத்தம் கேட்கிறது.