லேட்டே இல்லாத க்ரீன் ஹவுஸ்

போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்தேன். ஓடச் சொல்வது என் வேலை, ஓடுவது பிள்ளைகள் வேலை. கூடுதலாக, பிள்ளைகளைப் பிரித்திருந்த அணிகளில் ஒன்றான க்ரீன் ஹவுஸுக்கு இன்சார்ஜ்.

ஒரு பிள்ளை லேட்டாக வந்தால் அவளுடைய ஹவுஸுக்குப் பாயிண்ட் மைனஸ். அந்த வருடம் க்ரீன் ஹவுஸில் லேட்டே கிடையாது. "எப்படி சார்?" என்று ஹெச்.எம். மேடம் கேட்டார். "எல்லாம் என் விசில் மேடம்" என்று தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு நின்றேன்.

ஒருநாள் பைக் பஞ்சர். நானே லேட். கேட்டுக்கு வெளியே ஹவுஸ் கேப்டன் ஸ்வேதா, பத்தாம் வகுப்பு செல்வியை மறித்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குப் போடி. உள்ள வந்தா மைனஸ். ஆப்சென்ட்டுக்கு மைனஸ் இல்ல."

"இன்னிக்கு டெஸ்ட் இருக்குக்கா..."

"அதுக்கு? உன்னால ஹவுஸே நாசமாப் போவணுமா?"

செல்வி என்னைப் பார்த்ததும் திரும்பி ஓடிவிட்டாள். ஸ்வேதா பதறவே இல்லை. "நீங்க போங்க சார். ஸ்டாஃபுக்கு மைனஸ் இல்ல."

சிரிக்க வேண்டிய இடம்தான். சிரிப்பு வரவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் மேடம் அன்றே லேட்டுக்கு மைனஸ் என்ற விதியை எடுத்துவிட்டார். ஆனால் செல்வி அதன் பிறகு வரவில்லை. சில வாரம் கழித்துத்தான் பாரூரில் அவள் வீட்டைத் தேடிப் போனேன். அம்மாவுக்குக் கம்பெனியில் நைட் ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ் அவரை இறக்கிவிடும் வரை கைக்குழந்தையான தம்பி செல்வியின் இடுப்பில்.

"நீங்கதானே சார் கேட்டோட தொரத்துனீங்க?" என்றார் அம்மா. "வயசுப் புள்ள வீட்டுல சும்மா கெடக்குதுன்னு சொந்தத்துல பொண்ணு கேட்டுட்டாங்க. பேசி முடிச்சு கைய நனச்சாச்சு."

"வயசு பத்தாதும்மா. நான் கலெக்டர் ஆபீஸுல சொல்லிருவேன்."

"சொல்லுங்க. நாளைக்கு இவளுக்கு ஒண்ணுன்னா நீங்களா வந்து நிப்பீங்க?"

உள்ளேயிருந்து செல்வி, "சார், திங்கக்கெழம வர்றேன் சார்" என்றாள்.

"வாய மூடுடி" என்று அம்மா அதட்டினார்.

சொன்னேன். அதிகாரிகள் ஜீப்பில் வருவதற்குள் கர்நாடக பார்டர் தாண்டி, ஆனேக்கல் பக்கம் ஒரு கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது. கேஸ் போட்டார்கள். செல்வி பள்ளிக்குத் திரும்பவில்லை.

ஆண்டு விழாவில் டிசிப்ளின் ஷீல்டு க்ரீன் ஹவுஸுக்கு. மைக் கிடைத்தால் விடாத நான் மேடைக்கே போகவில்லை. ஸ்வேதா தேடிக்கொண்டு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஹவுஸுக்காகத்தானே சார் செஞ்சேன்?"

"ஆமாம்மா. ஹவுஸுக்காகத்தான்."

புதிதாக இன்சார்ஜ் ஆகிறவர்களுக்குச் சொல்கிறேன். லேட்டே இல்லாத ஹவுஸைப் பார்த்தால் கை தட்டாதீர்கள். வராத பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள். என்னைப் போல இல்லாமல், சீக்கிரம் போங்கள்.