சலவைக்கூடத்து ஐந்து முகங்கள்

மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த ஸ்டுடியோவில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். பதினாறு வருடமாக வீடியோ எடிட்டிங் செய்கிறாள். திரையில் ஒரு முகம் லேசாகக் கலங்கியிருந்தாலும் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, "எங்கேயோ கெட்டுப்போயிருக்கு" என்பாள். அவள் கணவனுக்கு அது நல்ல கிண்டல். "கல்யாணத்துல நான் சிரிச்சேனான்னே யாரும் பாக்கல. நீ இன்னும் என் பல்லை எண்ணிக்கிட்டு இருக்க" என்பான்.

அந்த ஊர் மருத்துவமனையின் முப்பதாம் ஆண்டு விழாவுக்கு ஒரு வீடியோ தயாரிக்கும் வேலை ஸ்டுடியோவுக்கு வந்தது. முதலாளி அதை இவளிடம் தரவில்லை. தன் மனைவியின் தம்பியிடம் கொடுத்தார். அவன் ஸ்டுடியோவுக்கே மச்சினன். வேலையை நாலு நாளில் முடித்து, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

விழாவுக்கு முந்தின நாள் காலை, மருத்துவமனை அரங்கத்தில் வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். சத்தம் சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கப் பூதக்கண்ணாடியும் போயிருந்தாள். மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி முன்வரிசையில் இருந்தார். விழாவுக்கு மேசை விரிப்புகள் கொண்டுவந்திருந்த சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் அம்மா ஓரமாக நின்றாள். ஐம்பத்தெட்டு வயது. சுடுநீரிலும் சோப்பிலும் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

திரையில் முதலில் டாக்டர்கள் வந்தார்கள். கண்ணிமை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. பிறகு 'நம் குடும்பம்' என்று ஒரு பகுதி. துப்புரவுப் பணியாளர்கள், சமையலறைக்காரர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், சலவைக்காரர்கள். எல்லாருடைய முகமும் மழையில் நனைந்த காகிதம் மாதிரி கரைந்துபோயிருந்தது. ஒருவருக்கு மூக்கு இல்லை. இன்னொருவருக்குக் கன்னத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு ஓடியது.

"தம்பி, இதுல நான் யாரு?" என்று சலவை அம்மா கேட்டாள்.

மச்சினன் திரும்பக்கூட இல்லை. "பழைய போட்டோம்மா. அதுல இருந்து இவ்வளவுதான் வரும்."

"நான் கொடுத்தப்ப நல்லாதானே இருந்துச்சு?"

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்னார்: "அட விடுங்கம்மா. இவங்கள யாரு உத்துப் பாக்கப் போறாங்க?"

பூதக்கண்ணாடிக்குக் காது மடல் சுட்டது. சலவை அம்மா கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து இவளிடம் நீட்டினாள். சலவைக்கூடத்துச் சுடுநீர் பாய்லருக்கு முன்னால் ஐந்து பேர். தோளில் கிடக்கும் துண்டின் நூல்கூடத் தெரிந்தது.

"நடுவுல நிக்கிறவர்தான் எங்க பாய்லர்காரர். இருபத்திரண்டு வருஷம் முன்னாடி அந்த பாய்லர் வெடிச்சதுல செத்துப்போயிட்டார். எங்களை வெளிய தள்ளிட்டு வால்வை மூட ஓடினார். அவர் பொண்ணுக்கு அப்ப ஒரு வயசு. நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். உங்கப்பாவைத் திரையில காட்டுறாங்கன்னு."

பூதக்கண்ணாடி ஸ்டுடியோவுக்கு வந்து மச்சினன் செய்த வேலையைத் திறந்து பார்த்தாள். டாக்டர்களின் படங்களை முழு அளவில், ஃபைலாகவே வாங்கிப் போட்டிருந்தான். தொழிலாளர்களின் படங்களைக் கைபேசியில் படம் பிடித்து, மெசேஜில் தனக்கே அனுப்பி, அது சுருக்கிக் கொடுத்ததை இறக்கிப் போட்டிருந்தான். பிறகு அந்தத் துக்கடாவை மூன்று மடங்கு பெரிதாக்கியிருந்தான். கலங்கியதை மறைக்க, கூர்மையாக்கும் எஃபெக்டை வேறு அள்ளிக் கொட்டியிருந்தான். கன்னத்து வெள்ளைக் கோடு அப்படி வந்ததுதான். போட்டோ பழசாம்! அவன் கண்ணுக்கு அந்த மனிதர்கள்தான் மட்டம்.

முதலாளியின் அறைக்குள் தட்டாமலே நுழைந்தாள்.

"அண்ணே, அந்தப் பகுதியை நான் திரும்பச் செய்யணும்."

"மூணு நிமிஷ சமாச்சாரம். பூதக்கண்ணாடியை எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன். செத்துப்போன மனுஷனுக்கு மூக்கு இல்லண்ணே. போட்டோ மேல பழியைப் போட்டு அந்தம்மாவை வாயடைச்சிருக்கான் உங்க மச்சினன். டாக்டருக்கு ஒரு நியாயம், துணி துவைக்கிறவங்களுக்கு ஒரு நியாயமா?"

"குரலை உயர்த்தாத. வாடிக்கையாளரே ஒத்துக்கிட்டார்."

"வீடியோவுல அவர் முகம் நல்லா தெரியுது, ஒத்துக்காம என்ன பண்ணுவார்? நாளைக்கு அந்த மனுஷனோட பொண்ணு வந்து கேட்டா நீங்க எழுந்து பதில் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

முதலாளி கையை வீசினார். "போ. ஆனா மத்த எதையும் தொடாத."

அவள் கூப்பிட்டதும் சலவை அம்மா அரை மணி நேரத்தில் வந்துவிட்டாள். எல்லாப் பிரிவினரிடமும் அவளே வாங்கிச் சேர்த்திருந்த போட்டோக்கள், மொத்தம் இருபத்து மூன்று, வெள்ளைத் தலையணை உறைக்குள். பூதக்கண்ணாடி ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்து, ஒவ்வொன்றையும் பெரிய அளவில் ஸ்கேன் செய்தாள். சலவை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தையும் புறங்கையால் தூசி தட்டிக் கொடுத்தாள்.

"எதுக்கும்மா இவ்வளவு பெருசா?"

"வீடியோவோட அகலம் இவ்வளவுதான்க்கா. இந்தப் படம் அதைப்போல மூணு மடங்கு. அதனால மூணு மடங்கு வரைக்கும் முகத்துக்குக் கிட்டப் போகலாம், கலங்காது. அதுக்கு மேல போனா சாஃப்ட்வேர் இல்லாததைத் தானா இட்டுக்கட்டும். அதான் மூக்கு கரையுது."

விட்டால் சாஃப்ட்வேர் படங்களை முன்கூட்டியே திரை அளவுக்குச் சுருக்கிவிடும்; அந்த அமைப்பை அணைத்தாள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவரின் கட்டம்போட்ட சட்டை, படம் நகரும்போதெல்லாம் மின்னி மின்னிக் கண்ணை உறுத்தியது. அதை மட்டும் மிக லேசாக மங்கவைத்து, நகர்வையும் மெதுவாக்கினாள். மின்னுவது நின்றது. ஒரு சமையல்காரருடைய படம் அடையாள அட்டையில் ஒட்டியிருந்த குட்டிப் படம். அதை ஊதிப் பெருக்க அவளுக்கு மனம் வரவில்லை. அகலமான ஓரம் விட்டு, சிறிதாகவே, சுத்தமாக நடுவில் வைத்தாள்.

சாயங்காலத்துக்குள் முடிந்தது. அதிகாரி போனில், "மெசேஜ்ல அனுப்பிடுங்க, இங்க போட்டுக்கிறோம்" என்றார்.

"அனுப்ப மாட்டேன் சார். நானே கொண்டு வர்றேன்" என்று போனை வைத்துவிட்டாள். இவ்வளவும் செய்தபின் மறுபடி சுருக்கிப் போடவா?

மறுநாள் அரங்கம் நிறைந்திருந்தது. மருத்துவமனை அரங்கத்தின் கணினியில் அவளே பென் டிரைவைச் செருகி, பக்கத்திலேயே நின்றாள். திரையில் டாக்டர்கள் வந்து போனார்கள். 'நம் குடும்பம்' வந்தது. பின்வரிசைகளில் சலசலப்பு. "ஏய், அது நம்ம அண்ணன்டா!" என்று யாரோ கத்தினார்கள். சமையல்காரரின் குட்டிப் படத்துக்கு விசில் பறந்தது.

பாய்லர் படம் வந்தது. ஐந்து முகங்களில் ஆரம்பித்து, மெதுவாக நடு முகத்தை நெருங்கி, அங்கே நின்றது. மூன்றாம் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். பின்னால் இருந்தவர்கள் யாரும் உட்காரச் சொல்லவில்லை.

விழா முடிந்ததும் அதிகாரி மச்சினன் தோளில் தட்டி, "பிரமாதம் தம்பி" என்றார். அவனும் பல்லைக் காட்டி, "கொஞ்சம் மெனக்கெட்டோம் சார்" என்றான். பூதக்கண்ணாடிக்கு அந்தப் பல்லை உடைக்கலாம் போலிருந்தது. இரண்டடி எடுத்தும் வைத்தாள். அதற்குள் சலவை அம்மா அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்தப் பெண் கைபேசியை நீட்டினாள். திரையையே படம் பிடித்து வைத்திருந்தாள். "அக்கா, இது போதுமா? பிரிண்ட் போட்டு அம்மாகிட்ட கொடுக்கணும்."

"அழி அதை!" என்று சீறிவிட்டாள் பூதக்கண்ணாடி. உடனே குரல் தணிந்தது. "உன்மேல கோபம் இல்லம்மா. இது வேண்டாம். என்கிட்ட முழுசா இருக்கு."

மடிக்கணினியைத் திறந்து, ஸ்கேன் செய்த படத்தைக் காட்டினாள். அந்தப் பெண் விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனாள். சட்டை, கழுத்து, தாடை, கண். அங்கே நிறுத்தினாள்.

"இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கு. அம்மா சொன்னதே இல்ல."

"அது நான் பண்ணினது" என்றாள் சலவை அம்மா. "துணி வண்டியைத் தள்ளும்போது பாக்காம இடிச்சிட்டேன். ஒரு வாரம் என்கிட்ட பேசவே இல்ல உங்கப்பா."

அந்தப் பெண் சிரித்தாள், அழுதாள், மறுபடி பெரிதாக்கினாள். பூதக்கண்ணாடி ஒரு புது பென் டிரைவைத் தேடிப் பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.