லாரியை மறித்த ரேவதி

ரேவதி இறந்துவிட்டாள். இன்று காலை ஆறு மணிக்கு. அவள் கணவர் போனில் சொன்னார்.

ஐயம்பேட்டைக்கு வெளியே, ஃபைபர் கூரை செய்யும் ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் டிசைன் எஞ்சினியர். மோல்டு என்கிற அச்சில் கண்ணாடி நார்த் துணி விரித்து, ரெசின் பசை தடவி, ரோலர் ஓட்டுவது அவள் வேலை. கூரம் கிராமத்துக்காரி. என்னைவிட ஒரு வயது சின்னவள். ஆனாலும் "இன்னாப்பா" என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு விஷயத்தை இன்றே எழுதிவிட வேண்டும்.

ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூரை ஆர்டர் வந்தது. ஓடு மாதிரி வளைந்த, மெல்லிய ஷெல்கள். ஓரத்தில் நார் அதிகம், உச்சிக்குப் போகப் போகக் குறைவு. என் டிசைன். தாங்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு தாங்கும் என்றது கம்ப்யூட்டர். எனக்கு ஒரே பெருமை.

எட்டு ஷெல்லும் முடிந்தன. துடைத்துக்கொண்டிருந்த ரேவதி ஒன்றின் மேல் உள்ளங்கையை ஓட்டினாள்.

"இங்க லேசா பள்ளம் இருக்குதுபா."

ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். மூன்று மில்லிமீட்டர். "இதெல்லாம் ஒண்ணும் பண்ணாது" என்றேன்.

"உன் கணக்குல இந்தப் பள்ளம் இருக்குதா?"

இல்லை. என் கணக்கில் இருந்தது பிசிறில்லாத வளைவு.

"அப்ப மூட்ட ஏத்திப் பாத்துட்டு அனுப்பலாம்."

மணல் மூட்டைகளை ஏற்றினோம். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். தாங்க வேண்டிய எடையைக்கூட எட்டவில்லை... 'டப்'பென்று ஒரு சத்தம். உச்சி உள்பக்கமாகக் கவிழ்ந்து கிண்ணம் மாதிரி ஆகிவிட்டது. எங்கும் கிழியவில்லை, மூட்டைகளை இறக்கியதும் பழையபடி நிமிர்ந்துகொண்டது. நார் பலமாகத்தான் இருந்தது, வடிவம்தான் நிற்கவில்லை. பக்ளிங். பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் லாரி வந்துவிட்டது.

"கூரை மேல யாரு மூட்டை ஏத்தப் போறாங்க? அந்த ஒண்ணை மட்டும் மாத்திக்கலாம், மீதியை லோடு பண்ணுங்க" என்றார் ஓனர்.

நான் பேசாமல் நின்றேன். ஆமாம்... நின்றேன்.

ரேவதி போய் லாரியின் பின்கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"மூட்ட ஏத்த மாட்டாங்க சார். காத்து அடிக்கும், மழத்தண்ணி நிக்கும். கீழ பசங்க சாப்புட்டுக்கினு இருக்கும். இது என் கையால போட்டது. நான் ஏத்த மாட்டேன், ஏத்தவும் வுட மாட்டேன்."

"வேலை வேணாமா உனக்கு?"

"வேணும் சார். அதான் சொல்றேன்."

அப்புறம்தான் எனக்கு வாய் திறந்தது. "டிசைன் என்னுது சார். நான் கையெழுத்து போட மாட்டேன்."

லாரி காலியாகத் திரும்பிப் போனது.

எட்டு ஷெல்லையும் அளந்தோம். சாக்பீஸால் கட்டம் போட்டு, நூல் பிடித்து, ஒவ்வொரு பள்ளத்தையும் அவள் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். அந்த மேடுபள்ளத்தோடு கணக்கை ஓட்டிப் பார்த்தால், மூட்டை வைத்தபோது கவிழ்ந்த அதே இடத்தில் கம்ப்யூட்டரிலும் கவிழ்ந்தது.

"இப்பதான்பா உன் கணக்குக்கு புத்தி வந்துது" என்று சிரித்தாள்.

எட்டையும் அறுத்துப் போட்டோம். மோல்டைச் சரிசெய்து, உச்சியில் நாரைக் கூட்டி, உள்ளே விலா மாதிரி பட்டைகள் வைத்துப் புதிதாகப் போட்டோம். இந்த முறை மூட்டைகள் தீர்ந்துபோயின, ஷெல் அப்படியே நின்றது. அந்தக் கூடத்தில்தான் இன்றும் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தாள். தன் உடம்பைப் பற்றிப் பேசவே விடவில்லை, ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் புதிதாகச் செய்துகொண்டிருந்த ஃபைபர் பீமைப் பற்றித்தான் கேட்டாள்.

"புது பீம் டெஸ்ட் இன்னா ஆச்சு?"

"நல்லா வந்துது."

"பொய் சொல்லாதபா. மூஞ்சிலயே தெரியுது."

"பக்கவாட்டுல முறுக்கிக்கிச்சு ரேவதி."

"அதுக்கு இன்னா இப்போ? இன்னொண்ணு போடுங்க."

மதியம் கூரத்தில் எடுத்தார்கள். ஓனரும் வந்திருந்தார். கடைசிவரை வெயிலிலேயே நின்றார்.

நாளை காலை எட்டு மணிக்கு அடுத்த பீமைப் போடுகிறோம்.

போய் வா, ரேவதி...