சுவான்சோ அம்மனின் படம்

குருசுக்குப்பத்தில் மணற்கரை என்று எதுவும் இல்லை. அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள்தான் கிடக்கின்றன. ஒரு கல்லின் மேல் சூடம் ஏற்ற முயல்கிறார் ஒரு மீன்காரப் பெண். காலி அன்னக்கூடை பக்கத்தில் இருக்கிறது. மூன்றாவது தீக்குச்சியையும் காற்று அணைத்துவிட, நான் என் பையை மறைப்பாகப் பிடிக்கிறேன்.

“அம்மன் கோயில் எங்கக்கா?”

“அதோ, அலை ஒடையுது பாருங்க, அங்கதான் இருந்துச்சு. கடல் எடுத்துக்கிச்சு.”

போன வாரம் சீனாவின் சுவான்சோ நகருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எடுத்த படத்தைக் காட்டி, அதன் கதையைச் சொல்கிறேன். எழுநூறு வருடங்களுக்கு முன்பு தமிழ் வணிகர்கள் கோயில் கட்டிய துறைமுகம் சுவான்சோ. அங்கே கடல் ஏறவில்லை. ஆற்று மண் சேர்ந்து துறைமுகம் தூர்ந்தது, கப்பல்கள் நின்றன, தமிழர்களும் இல்லாமல் போனார்கள். மிஞ்சிய அம்மன் சிற்பம் ஒன்றை அந்தக் கிராமத்துச் சீனர்கள் தங்கள் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள்.

அவர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறார். “யாரு வெச்ச சாமின்னு அவங்களுக்குத் தெரியுமா?”

“ரொம்பப் பேருக்குத் தெரியாதுக்கா. ஆனா தினமும் ஊதுபத்தி ஏத்துறாங்க.”

சூடம் எரிந்து அடங்குகிறது. கல்லில் கரி மட்டும் ஒட்டியிருக்கிறது.

“அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்றோம் சார். டவுனுக்குள்ள மூணாவது மாடி. இந்தப் படத்த எனக்கு அனுப்புங்க, அங்க மாட்டிக்கிறேன்.”

“இதையா? உங்க அம்மன் படம் இல்லையா?”

அவர் அலையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்:

“ஒண்ணுகூட இல்ல சார். சாமிய போட்டோ எடுக்கக் கூடாதுன்னு நாங்களேதான் போர்டு வெச்சிருந்தோம்.”