சுரண்டச் சுரண்ட ஆறாத புண்

இரண்டாம் யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம். திருவனந்தபுரம் வலியசாலையில் ஒரு மடத்தில் சமையலுக்கு நின்றேன். மூன்றாம் கிளாஸோடு படிப்பை விட்டவன் நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒரு நாள் பிரதமன் பாயசத்துக்குக் காய்ச்சிய வெல்லப்பாகு இடது முன்கையில் கொட்டியது. எண்ணெய் என்றால் வழிந்து போகும். பாகு ஒட்டிக்கொள்ளும். உரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது.

பச்சைப்புண் உள்ளவன் சமையல்கட்டுக்குள் வரக் கூடாது என்பது மடத்துக் கட்டுப்பாடு. தலைமைச் சமையல்காரர் வாசலிலேயே நிறுத்தினார்.

"ரத்தம் நிக்கட்டும், தோல் மூடட்டும். அப்பறம் வா, கேட்டியா?"

எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

சீக்கிரம் ஆற வேண்டுமே என்று தினமும் காலையில் வெந்நீர் விட்டுக் கழுவினேன். புண்ணில் சிவப்பாக, ரவை ரவையாக ஏதோ படர்ந்திருக்கும். அழுகல் என்று நினைத்தேன். அடிப்பிடித்த உருளியைத் தேய்ப்பதுபோலத் தேங்காய் நாரால் சுரண்டினேன். வலிக்கும். பல்லைக் கடித்துக்கொள்வேன். மறுநாள் மறுபடி படர்ந்திருக்கும். மறுபடி சுரண்டுவேன். இரண்டு மாதம் இப்படி. வேலை இல்லாததால் ஒரு வேளைதான் சாப்பாடு. புண் பெரிதாகி நாற்றம் எடுத்தது.

தர்ம ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் மலையாளி, என்னைவிட இளையவர். இன்னும் முற்றினால் முழங்கைக்குக் கீழே கையை வெட்டி எடுக்க வேண்டிவரும் என்றார். தினமும் என்ன செய்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எடோ, அது அழுகல் அல்ல. புது மாம்சமாக்கும்! அது கட்டக் கட்ட நீ இடிச்சிட்டிருக்கே."

நான் நம்பவில்லை. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். புண்ணிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். வட்டம் வட்டமாக, எண்ணி முடியாது. வெளிறியவை மூச்சுக்காற்றைச் சுமந்து வருகின்றனவாம். ஊதாப் பொட்டு வைத்தவை அழுக்கைத் தின்கின்றனவாம். இன்னும் சில சேர்ந்து புதுச் சதை கட்டுகின்றனவாம். எல்லாம் உயிருள்ள அணுக்கள் என்றார்.

"அதுக்குள்ளயும் அடுப்பு எரியணும். நீ பட்டினி கிடந்தா விறகு எவிட? முட்டை தின்னு."

"நான் பிராமணன், சார்."

"அப்போ பால் குடி. பருப்பு தின்னு. புண்ணை மட்டும் தொடண்டா, தொடாதே!"

அங்கேயே ஒரு கட்டில் கிடைத்தது. பாலும் கஞ்சியும் தந்தார்கள். புண் அரிக்கும்போதெல்லாம் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். மருந்துத் துணி மாற்றும்போது எட்டிப் பார்ப்பேன். ஓரத்திலிருந்து வெளிறிய தோல் உள்ளே நகர்ந்து வந்தது. நாளுக்கு ஒரு நூல் அளவு.

ஏழாவது வாரம் முழுக்க மூடியது.

மடத்து வாசலில் போய் நின்று கையை நீட்டினேன். தலைமைச் சமையல்காரர் விரலால் அழுத்திப் பார்த்தார். இரண்டு தடவை.

"கெட்டிக்காரன்டா. உள்ள வா, சாம்பார் கொதிக்கறது."

அன்று இருபது பேருக்கான உருளியை இரண்டு கையாலும் பிடித்து, ஒருவர் துணையில்லாமல் அடுப்பிலிருந்து இறக்கினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

அவர் என்னைக் கெட்டிக்காரன் என்றார். நான் செய்ததெல்லாம் கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கியிருந்ததுதான். அதற்குப் பிறகு எந்தக் காரியம் ஆறாமல் இழுத்தாலும், நானே அதைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேனா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.